தவநாயகி போடாத முத்திரை

லண்டனில் தவநாயகிக்கு முதல் வேலை கிடைத்ததே ஒரு மறுப்பால்தான். 1987 மார்ச் மாதம், பார்க் ரோயலில் ஒரு சின்ன இயந்திரப் பட்டறைக்கு இன்ரவியூவுக்குப் போனாள். முதலாளி ஹோப்லி, அறுபதைத் தாண்டிய மனிதர், ஒரு எஃகு வளையத்தையும் மைக்ரோமீற்றரையும் அவள் கையில் கொடுத்து, "இதன் தடிப்பு என்னவென்று சொல்லு" என்றார். அவள் வளையத்தை மேசையில் வைத்துவிட்டு, மைக்ரோமீற்றரை வெறுமனே மூடிப் பார்த்தாள். பூச்சியத்தில் நிற்கவேண்டிய கோடு ஒரு மயிரிழை தள்ளி நின்றது.

"என்னால் அளக்க முடியாது" என்றாள் ஆங்கிலத்தில்.

"ஏன்?"

"இந்தக் கருவி பொய் சொல்கிறது."

அது பரீட்சையா, அல்லது கிழவருடைய கவனக்குறைவா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. திங்கட்கிழமை வரச் சொன்னார்.

அவளுக்கு அப்போது முப்பத்தொரு வயது. ஊரில் காங்கேசன்துறையில் சிமெந்துத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் ஏழு வருடம் வேலை பார்த்தவள். சிமெந்துக் கட்டிகளை அழுத்தி உடைத்து, எவ்வளவு பாரம் தாங்கின என்று எழுதுவதுதான் அங்கே அவளுடைய வேலை. தாங்காததைத் தாங்கியது என்று எழுதினால் எங்கோ ஒரு வீட்டின் கூரை இறங்கும் என்பது அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே விளங்கியது. 1986 இல் அவள் இருந்த தொழிற்சாலைக் குவாட்டர்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பீரங்கிச் செல் விழுந்து வெடித்தது. சுவர் தப்பியது. அவளுடைய இடது காது கேட்காமல் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் லண்டனில் கடை வைத்திருந்த அண்ணன் அம்பலவாணன் எப்படியோ அவளைக் கூப்பிட்டெடுத்தார்.

ஹோப்லியின் பட்டறை பலதையும் செய்தது. பம்புக்கு வளையம், பால் பக்டரிக்கு வால்வு. ஆனால் பெரிய உழைப்பு ஒன்றில்தான் இருந்தது: வேட்டைத் துவக்கின் முனையில் பூட்டுகிற சைலன்சர். இங்கிலாந்தில் அதற்குப் பொலிஸ் அனுமதி வேண்டும்; பட்டறையில் உள்ள ஒவ்வொரு துண்டும் பதிவில் இருக்கும். வாங்குகிறவர்கள் மான்களைக் கணக்கோடு சுடுகிற காட்டுக் காவலர்கள், முயல் தொல்லை தாங்காத பண்ணைக்காரர்கள்.

அம்பலவாணனுக்கு இந்த வேலை துண்டறப் பிடிக்கவில்லை. கிங்ஸ்பரியில் அவருடைய பலசரக்குக் கடைக்கு வருகிறவர்கள், மிளகாய்த்தூளைப் பையில் போட்டுக்கொண்டே, "என்ன அண்ணை, தங்கச்சி துவக்குக் கொம்பனியிலையாம்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

"தவம், துவக்குக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள்? இஞ்சை வந்தும் அதோடையோ? நாளைக்குப் பொலிஸ் வந்து கதவைத் தட்டினா நான் என்ன சொல்லுறது?"

"சத்தத்தைக் குறைக்கிற சாமான் அண்ணை. சுடுகிறவன்ரை காது மிஞ்சும். என்ரை காதைக் கேட்டுப்பாருங்கோ, அது நல்ல வேலையோ கெட்ட வேலையோ எண்டு."

ஆனாலும் அம்பலவாணன் கடைக்கு வருகிறவர்களிடம், தங்கச்சி பால் பக்டரி வால்வு செய்கிறாள் என்றே சொல்லிவந்தார்.

வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு குழாய்; அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய எஃகுக் கிண்ணங்கள்; ஒவ்வொன்றுக்கும் நடுவில் துவக்கு ரவை போக ஒரு துளை. ரவை நேரே போய்விடும். அதற்குப் பின்னால் கொதித்துக்கொண்டு வருகிற வெடிவாயு மட்டும் ஒவ்வொரு கிண்ணத்திலும் முட்டி, விரிந்து, சுழன்று, கொஞ்சம் சூட்டையும் கொஞ்சம் வேகத்தையும் அங்கங்கே இழந்துவிட்டுக் கடைசியில் பெருமூச்சு மாதிரி வெளியே வரும். முதலாவது கிண்ணத்துக்குத்தான் பாடு. பாதி எரிந்த வெடிமருந்துத் துகள்களும் முழுச் சூடும் அதில்தான் மோதும். துளையின் விளிம்பை மணல் அரிப்பதுபோல அரிக்கும். பழைய மாதிரியில் எல்லாவற்றையும் சேர்த்து வெல்டிங் செய்திருந்தார்கள். முதல் கிண்ணம் தேய்ந்தால் முழுச் சாமானும் குப்பைக்குப் போகும்.

இதை மாற்றியவர் சேஷாத்ரி. கும்பகோணத்துக்காரர், வரைபட அறையில் தனியே இருந்து வேலை செய்கிற பொறியியலாளர். கழற்றிப் பூட்டுகிற மாதிரி ஒன்றை வரைந்தார்: ஒவ்வொரு கிண்ணமும் தனி, முதலாவது கடினமான எஃகில், தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம், கழற்றினால் கரியைத் துடைக்கலாம். ஹோப்லி மகிழ்ந்துபோனார். அளந்து பார்த்து அனுப்பும் பொறுப்பைத் தவநாயகியிடம் கொடுத்தார். ஏழாம் இலக்க முத்திரை அவளுடையது. சோதனைத் தாளில் அந்த ஏழு விழுந்தால்தான் சாமான் வெளியே போகும்.

"நீங்க ரொம்பக் கறார்" என்பார் சேஷாத்ரி, அவள் திருப்பி அனுப்பிய கிண்ணங்களைப் பார்த்து.

"நீங்கள் கீறின கோட்டைத்தான் நான் பாக்கிறன். கோடு பிழையெண்டா மாத்திக் கீறுங்கோ."

1991 இல் ஹோப்லிக்குப் பாரிசவாதம் வந்தது. வீட்டில் படுத்துவிட்டார். பட்டறை மருமகன் டன்லியின் கைக்கு வந்தது. டன்லி கார் விற்பனையில் இருந்தவன். எதையும் எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்பதே அவனுக்குக் கேள்வி. அடுத்த வருடம் ஸ்கொட்லாந்தில் பெரிய காட்டுப்பண்ணை ஒன்றிலிருந்து இருநூறு சைலன்சருக்கு ஓடர் வந்தது. பட்டறையின் வரலாற்றிலேயே அதுதான் பெரியது.

முதல் தொகுப்பில் மேலதிகமாகச் செய்த ஆறைக் கென்டில் ஒரு சுடுதளத்துக்கு அனுப்பினார்கள்; அங்கே நிறையச் சுட்டுவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். செப்டெம்பர் மாதத்து ஒரு திங்கள் காலை, தவநாயகி அவற்றைக் கழற்றி, கரியைக் கழுவி, கிண்ணங்களை வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தாள். முதல் கிண்ணங்கள் தேய்ந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தேயத்தானே வேண்டும். ஆனால் இவை சுற்றிவரச் சமமாகத் தேயவில்லை. நான்கில், துளையின் ஒரு பக்கம் மட்டும் எலி கடித்ததுபோலத் தின்னப்பட்டிருந்தது.

சேஷாத்ரியைக் கூப்பிட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிண்ணத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கிண்ணம் சாய்ஞ்சு உக்காந்திருக்கு. வாயு ஒரே பக்கமா போய் அடிக்குது. குழாய்க்குள்ள அது உக்கார்ற இடத்தைக் கடைசியா ஒரு தடவை நேர் பண்ணணும்னு போட்டிருந்தேனே? செஞ்சாங்களா?"

செய்யவில்லை. அந்தக் கடைசி வேலைக்குக் குழாய் ஒன்றுக்குப் பத்து நிமிடம் போகிறது என்று டன்லி அதை வெட்டிவிட்டான். இருநூறு குழாயும் அப்படித்தான் முடிந்து, பெட்டிகளில் இருந்தன.

"இன்னும் சுட்டால் என்ன நடக்கும்?"

சேஷாத்ரி கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அவள் வலது காதை அவர் பக்கம் திருப்பினாள். "துளை ஒரு பக்கமா விலகிட்டே போகும். கிண்ணம் இன்னும் ஆடும். ஒருநாள் குண்டு அதுல உரசும். அப்புறம் அது எந்தப் பக்கம் போகும்னு கடவுளுக்குத்தான் தெரியும்."

அவள் இருநூறு பெட்டிக்கும், அனுப்பக்கூடாது என்கிற சிவப்பு அட்டை கட்டினாள்.

டன்லி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். பதினேழாம் திகதி வியாழக்கிழமை பண்ணையின் ஆள் நேரில் வந்து எடுத்துக்கொண்டு போகிறான், அதற்குள் முத்திரை போட்டு முடி என்றான். உத்தரவாதம் ஒரு வருடம்தான், ஒரு வருடத்துக்கு இது தாங்கும் என்றான்.

"ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தத் துவக்கைப் பிடித்திருக்கிறவனுக்கு முகம் இருக்காதா?" என்று கேட்டாள் தவநாயகி.

"நீ பொறியியலாளர் இல்லை."

"இல்லை. நான் அளக்கிறவள். அளந்தேன். பிழை."

அன்று வீட்டில் அம்பலவாணன் சோறு சாப்பிடாமல் இருந்தார். "ஒரு முத்திரை. குத்திப்போட்டு வா. உன்ரை விசா இன்னும் நிரந்தரமில்லை. வேலை இல்லாமல் போனா ஹோம் ஒபிசுக்கு என்னத்தைக் காட்டுவாய்?"

"குத்தமாட்டன் அண்ணை."

"அவன் வெள்ளைக்காரன், அவன்ரை நாடு, அவன்ரை சாமான், அவன்ரை துவக்கு. உனக்கென்ன?"

"முத்திரை என்ரையெல்லோ" என்றாள். சோற்றுக் கோப்பையை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழும்பிப் போனாள்.

புதன்கிழமை மத்தியானம், பெட்டி கட்டும் பகுதியில் வேலை செய்கிற லூர்தம்மா அவளைத் தேடி வந்தாள். மன்னார்க்காரி, எதற்கும் பயப்படுகிறவள், நான்கு பிள்ளைகளின் தாய்.

"தவநாயகி, நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதை. உன்ரை சிவப்பு அட்டையெல்லாம் கழட்டிப்போட்டினம். தாள் எல்லாத்திலையும் ஏழு குத்தியிருக்கு."

தவநாயகி தன் மேசை லாச்சியின் பூட்டைத் திறந்து இழுத்துப் பார்த்தாள். முத்திரை இல்லை.

பிறகு ஒரு கறுப்புப் பேனையை எடுத்துக்கொண்டு பெட்டி கட்டும் பகுதிக்குப் போனாள். பெட்டியைத் திறந்து, தாளை எடுத்து, அந்த ஏழின்மேல் கோடு கீறினாள். 'இதற்கு முத்திரை போட்டது நானல்ல' என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே தன் முழுப்பெயரையும் தமிழில் எழுதினாள். ஆங்கிலத்தில் எழுதினால் அதையும் யாராவது கள்ளமாகப் போட்டுவிடுவார்கள். இதை எழுத இங்கே யாருக்கும் ஏலாது. அடுத்த பெட்டி. அதற்கடுத்தது. லூர்தம்மா முதலில் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பெட்டிகளைத் திறந்து அவளுக்கு முன்னால் நகர்த்தத் தொடங்கினாள்.

அறுபதாவது பெட்டியை முடித்தபோது டன்லி வந்தான். பேனையைப் பறிக்க வந்தவன், சுற்றி நின்றவர்களைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டான். சிரித்தான்.

"இந்தக் கட்டடத்தில் இருக்கிற ஒவ்வொரு துண்டும் பொலிஸ் பதிவில் இருக்கிறது. உனக்குத் தெரியும். நாளைக்கு அதில் இரண்டு குறைகிறது என்று நான் பொலிசுக்குச் சொன்னால் யாரைத் தேடுவார்கள்? என்னையா? சண்டை நடக்கிற ஊரிலிருந்து வந்த உன்னையா?"

கடைசல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. சேஷாத்ரி தன் அறை வாசலில் நின்றார். தவநாயகியின் அண்ணன் பயந்தது இதற்குத்தான். டன்லி பொலிசுக்குப் பொய்யாக ஒரு சொல் சொன்னால் போதும். கடையையும் சேர்த்துக் கிண்டுவார்கள். அந்த நேரத்தில் அவள் பயப்படவில்லை என்று சொன்னால் அது பொய். பயந்துகொண்டுதான் பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"போன் அந்த மேசையில் இருக்கிறது" என்றாள். கோபம் வந்தால் அவளுடைய ஆங்கிலம் நன்றாக இருக்கும். தடுமாற நேரம் இருக்காது. "இப்போதே எடு. அவர்கள் வரும்வரை நான் இந்த இடத்தைவிட்டு அசையமாட்டேன். வரட்டும். ஒவ்வொரு துண்டாக எண்ணட்டும். எண்ணி முடிந்த பிறகு, பூட்டிய லாச்சியிலிருந்து என்னுடைய முத்திரையை எடுத்தது யார் என்று நான் கேட்கிறேன். அவர்களுக்கு முன்னாலேயே கேட்கிறேன். எடு போனை!"

டன்லி போனை எடுக்கவில்லை. "உன்னை வேலையிலிருந்து நிறுத்துகிறேன்" என்றான்.

"நிறுத்து. நாளைக்கு அந்தப் பண்ணைக்காரன் வரும்போதும் இங்கேதான் இருப்பேன்."

பட்டறை பூட்டும் நேரம்வரை இருந்தாள். வியாழன் காலை ஏழு மணிக்குக் கதவு திறக்கும்போது வாசலில் நின்றாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. காவலாளி கதவைத் திறந்து பிடித்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான். திரும்பவும் அதே பெட்டியில் போய் உட்கார்ந்தாள். லூர்தம்மா தேத்தண்ணி கொண்டுவந்து, டன்லி பார்க்கவேண்டும் என்பதுபோல உரத்த குரலில், "சீனி காணுமோ, இன்னும் போடட்டோ?" என்று கேட்டாள்.

பத்து மணிக்குப் பண்ணையின் ஆள் வந்தான். மக்கீ என்று பெயர். நெடிய, சிவந்த மனிதன். முப்பது வருடம் காட்டில் துவக்கோடு திரிந்தவன். டன்லி அவனை அலுவலகத்துக்குத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தான். தவநாயகி எழும்பி வழியில் நின்றாள்.

"ஐயா, நான் இங்கே பரிசோதகர். நேற்றுவரை. ஐந்து நிமிடம் தாருங்கள்."

மக்கீக்கு ஒன்றும் கேட்கவில்லை. தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினான். அவன் பதில் சொல்ல, அவளும் தன் வலது காதைத் திருப்பினாள். இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். முதலில் விளங்கியது மக்கீக்குத்தான்.

"உனக்கும் இடதா?" என்று சத்தமாகக் கேட்டான். "நீயும் சுடுகிறவளா?"

"இல்லை. சுடப்பட்ட ஊரில் இருந்தவள்."

அவன் அதற்குப் பிறகு டன்லியின் பக்கம் திரும்பவே இல்லை. "காட்டு" என்றான்.

எந்தப் பெட்டியை வேண்டுமானாலும் எடுங்கள் என்றாள். அவன் அடியிலிருந்து ஒன்றை இழுத்தான். அவள் நேரான எஃகுக் கம்பி ஒன்றைத் துளைகளுக்குள் மெதுவாக விட்டு, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். முதல் கிண்ணத்தில் கம்பி ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு நின்றது. மற்றப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. பிறகு கென்டிலிருந்து வந்த தேய்ந்த கிண்ணத்தை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் கட்டைவிரலால் அந்தக் கடிபட்ட விளிம்பைத் தடவினான். நெடுநேரம் தடவினான்.

"என் ஆட்கள் பதினெட்டுப் பேர்" என்றான். "அதில் ஒருவன் என் மகன்."

தாளில் இருந்த தமிழ்ப் பெயரைப் பார்த்து, அது என்ன என்று கேட்டான். "என் பெயர்" என்றாள். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வந்த வண்டியை வெறுமையாகவே ஓட்டிப்போனான்.

அன்று பின்னேரமே தவநாயகிக்கு வேலை நீக்கக் கடிதம் கையில் வந்தது. காரணம்: நிறுவனத்தின் ஆவணங்களைச் சேதப்படுத்தியது.

அவள் அதோடு விடவில்லை. வெம்பிளியில் இலவசமாகச் சட்ட உதவி செய்கிற ஒரு அலுவலகத்தின் படி ஏறினாள். தொழில் நீதிமன்றத்துக்கு வழக்குப் போனது. லூர்தம்மா, "வாறன், நான் சொல்லுறன்" என்று முந்திக்கொண்டாள். எதற்கும் பயப்படுகிற லூர்தம்மா. சேஷாத்ரியைக் கேட்டபோது அவர் நிலத்தைப் பார்த்தார்.

"எனக்கு வீட்டுக் கடன் இருக்கு, தவநாயகி. பொண்ணு இப்பத்தான் மெடிசின் சேர்ந்திருக்கா. என்னை விட்டுடுங்க."

"நான் உங்களை இழுக்கேல்லை. கேட்டன். ஏலாதெண்டு சொல்லிப்போட்டியள். சரி."

வழக்குக்கு ஒரு கிழமை இருக்க, கிங்ஸ்பரிக் கடை முகவரிக்குத் தபாலில் ஒரு நீளமான உறை வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே ஒரு வரைபடத்தின் பிரதி. கடைசியாகக் குழாயை நேர்செய்யவேண்டும் என்ற குறிப்பு, அதன் குறுக்கே டன்லியின் கையால் ஒரு கோடு, பக்கத்தில் அவனுடைய சுருக்கொப்பமும் திகதியும்.

1993 ஏப்ரலில் வழக்கு நடந்தது. டன்லியின் வழக்கறிஞர், "இருநூறு தாளையும் பழுதாக்க உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது?" என்று கேட்டார்.

"அறுபது" என்றாள் தவநாயகி. "மிச்சத்துக்கு நேரம் விடவில்லை."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தாள். அம்பலவாணன். வேலைநாளில் கடையைப் பூட்டிவிட்டு, கல்யாணத்துக்குப் போடுகிற கோட்டோடு வந்து இருந்தார்.

வழக்கை விசாரித்த மூன்று பேரும் ஒருமித்து, நீக்கியது நியாயமில்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். கிடைத்த தொகை ஆறு மாதச் சம்பளத்துக்கும் வரவில்லை. வேலை திரும்பக் கிடைக்கவில்லை. இருநூறு குழாயையும் வேறொரு பட்டறை நேர்செய்து அனுப்பியதாக லூர்தம்மா சொன்னாள். அடுத்த வருடம் டன்லி இயந்திரங்களை விற்றுவிட்டுத் திரும்பக் கார் விற்கப் போனான். தவநாயகி பதினான்கு மாதம் அரசாங்கம் தருகிற பெனிபிட் காசில் இருந்தாள். எழுதிய விண்ணப்பம் எல்லாவற்றிலும், ஏன் பழைய வேலையை விட்டாய் என்ற கேள்விக்கு, 'விடவில்லை, நீக்கினார்கள்' என்று எழுதித் தீர்ப்பின் பிரதியையும் சேர்த்து அனுப்பினாள். அதை வைக்காதே என்று அண்ணன் எத்தனையோ தரம் சொன்னார். அவள் கேட்கவில்லை. அந்தத் தீர்ப்பை வாசித்துவிட்டே அவளைக் கூப்பிட்ட ஒரே இடம் பெரிவேலில் இருந்தது. ஆஸ்பத்திரிகளுக்கு ஒக்சிஜன் வால்வு செய்கிற கொம்பனி.

1996 இல் ஒரு சனிக்கிழமை, அவள் அண்ணன் கடையில் காசு வாங்குமிடத்தில் நின்றபோது, சேஷாத்ரி பொன்னி அரிசிப் பையோடு முன்னால் வந்து நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. அவளைக் கண்டதும் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"அந்த டிராயிங்கை நான்தான் அனுப்பினேன்."

"தெரியும். உறையிலை இருந்தது உங்கடை எழுத்துத்தானே."

"நேர்ல வந்திருக்கணும்."

"ஓம்" என்றாள் தவநாயகி. "வந்திருக்க வேணும்."

அவள் அதை மறுப்பாள் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். அவள் மறுக்கவில்லை. அரிசிப் பையைத் தராசுப் பக்கம் இழுத்து வைத்தாள்.

"இப்போ வேலை எப்படி?" என்று கேட்டார்.

"நல்லது. போன கிழமை நாற்பத்தெட்டு வால்வு திருப்பி அனுப்பினன். மனேச்சருக்கு என்னோடை கோபம்."

சேஷாத்ரி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற பெண், கையில் முருங்கைக்காய்க் கட்டோடு பொறுமையிழந்து எட்டிப் பார்த்தாள்.